சன்னாசியின் இடத்தில் நான்

பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனை உலகத்தில் யாரும் மதிப்பதில்லை. ஆடுகிறவனுக்குக் கைதட்டு கிடைக்கும். தோற்றால் மாஸ்டருக்குத் திட்டு கிடைக்கும். பந்து தொலைந்தால் எனக்குக் கிடைக்கும். (பந்து என் பொறுப்பில் இருந்தது. எனக்கும் பந்துக்கும் ராசியில்லை என்பதைப் போகப் போகத் தெரிந்துகொள்வீர்கள்.) பெஞ்சில் இருப்பவன் மட்டும் நல்லதிலும் சேர்த்தியில்லை, கெட்டதிலும் சேர்த்தியில்லை. அவன் எழுந்து போன பிறகுதான் பெஞ்சு ஒரு பக்கமாக ஆடுகிறது என்பதே நமக்குத் தெரியவரும்.

எங்கள் பெஞ்சில் இருந்தவன் சன்னாசி. ஹட்டனில் நான் படித்த பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அணியில் ஐந்து பேர் ஆடுவோம், மூன்று பேர் வெளியே இருப்பார்கள். அதில் இரண்டு பேர் எங்களுக்குத் தண்ணீர் கொடுக்க. மூன்றாமவன் சன்னாசி. நல்ல உயரம், உயரத்துக்கேற்ற அகலம். ஓடச் சொன்னால் மட்டும் மேட்டில் ஏறுகிற லொறி மாதிரி மூச்சு வாங்குவான். அதனால் ஆரம்பத்திலிருந்து ஆடவிட்டால் தாங்கமாட்டான். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில், நாங்களெல்லாம் நாக்குத் தள்ளி நிற்கும்போது, மாஸ்டர் பெஞ்சைப் பார்த்து "சன்னாசி!" என்பார். அதுவரை என் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தவன் எழுந்து, சட்டையை மடித்து வைத்துவிட்டு, கல்யாண வீட்டுக்குப் போகிறவன்போல நிதானமாக நடந்து போய் எதிராளியின் கூடைக்கு அடியில் நிற்பான். அவ்வளவுதான் அவன் ஆட்டம். பந்தை அவன் கையில் சேர்த்துவிட வேண்டும். இரண்டு பேர் முதுகில் தொங்கினாலும் அவன் பாட்டுக்குத் திரும்பி, பலகையில் பந்தை ஒரு தட்டுத் தட்டுவான். உள்ளே விழும். பிறகு அதே இடத்தில் அடுத்த பந்துக்காக நிற்பான்.

அந்தப் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. நான் குள்ளம். கூடையை அண்ணாந்து பார்த்தாலே கழுத்து வலிக்கும். ஆனால் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுவதில் என்னை யாரும் பிடிக்க முடியாது. சன்னாசி எங்கே நிற்பான், எந்தக் கையை நீட்டுவான் என்று திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? ஒரே தோட்டம், வரிசை வீடாகக் கட்டிய ஒரே லயம், அடுத்தடுத்த ஒற்றை அறைக் காம்பரா. அவன் அந்தப் பக்கம் இருமினால் நான் இந்தப் பக்கம் விழித்துக்கொள்வேன். காலையில் ரொட்டியைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு இருவரும் தேயிலை மலைக் குறுக்குப் பாதையில் இறங்கி ஹட்டனுக்கு நடப்போம். அவன் ரொட்டி பாதி வழியில் தீர்ந்துவிடும். மீதி வழிக்கு என் ரொட்டி.

பள்ளிக்கூடத்துக் கூடைகளின் பலகை தேயிலைப் பெட்டிப் பலகை. எங்கள் தோட்டத்துப் பெரிய துரை இனாமாகக் கொடுத்தது. அதில் தோட்டத்து முத்திரை கறுப்பு மையில் வட்டமாகக் குத்தியிருக்கும். சன்னாசியின் வித்தையெல்லாம் அந்த வட்டத்தில்தான் இருந்தது. "கூடையப் பாக்காதடா மருதை. அந்த ரவுண்டப் பாத்துத் தட்டு. கூடை அது பாட்டுக்கு வாங்கிக்கும்" என்பான். (மருதை என்பது நான்தான். முழுப்பெயர் மருதமுத்து. அதை முழுதாகச் சொல்லி யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை.)

துரை என்று சொன்னதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. தோட்டத்துக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. எங்கள் பெரிய துரை வெள்ளைக்காரர். அவர் ரோட்டில் வந்தால் நாங்கள் ரோட்டில் இருக்கக் கூடாது. ஓரமாக இறங்கி, தண்ணீர் ஓடுகிற கானில் நிற்க வேண்டும். தலையில் துண்டு இருந்தால் கழற்றிக் கக்கத்தில் வைக்க வேண்டும். கையில் என்ன இருந்தாலும் அதையும் கக்கத்தில் வைக்க வேண்டும். குடை இருந்தால் மடக்க வேண்டும். குனிந்து "சலாங்க தொரை" சொல்ல வேண்டும். குழந்தைகள் நடக்கப் பழகும்போதே ஒதுங்கவும் பழகிவிடும். எனக்கு அப்பா காதைப் பிடித்துப் பழக்கினார். அந்தக் காது இன்றைக்கும் மற்றக் காதைவிடக் கொஞ்சம் நீளம்.

பள்ளிக்கூடத்தில் நான் வேறு ஆள். தமிழ்ச் சங்கத்தில் "மனிதனுக்கு மனிதன் தலைவணங்கலாகாது" என்று மேசையைத் தட்டிப் பேசி ஒரு சோப்புப் பெட்டி பரிசு வாங்கியவன். அந்தப் பேச்சைப் போகும்போதும் வரும்போதும் சன்னாசிக்கு இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"இனிமே அந்தத் தொரை எதுக்க வரட்டும். நான் ஒதுங்க மாட்டேன் சன்னாசி. நடு ரோட்டுல நிப்பேன்."

"நீ நில்லு. நானும் ஒதுங்க மாட்டேன். அந்தக் கானு எனக்குப் பத்தாது" என்பான் அவன், என் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே. பிறகு கார்ச் சத்தம் கேட்கும். இருவரும் தேயிலைச் செடிக்குப் பின்னால் படுத்துக்கொள்வோம். செடிக்குப் பின்னால் படுப்பது ஒதுங்குவதில் சேராது என்பது என் வாதம்.

ஒருநாள் ரோட்டில் ஒருவர் ஒதுங்கித்தான் நின்றார், ஆனால் குடையை மடக்கவில்லை. சன்னாசியின் அப்பா. அடைமழை, அவருக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார். துரையின் கார் தாண்டிப் போய் நின்று, பின்னால் வந்து, பெயரைக் கேட்டுக்கொண்டு போனது. மறுநாள் பத்துச்சீட்டுக் கொடுத்துவிட்டார்கள். வேலை போயிற்று, வேலையோடு காம்பராவும் போயிற்று. தொழிற்சங்கத்துக்காரர்கள் போய்ப் பேசிப் பார்த்தார்கள், நடக்கவில்லை. பத்துச்சீட்டு வாங்கியவனை அக்கம் பக்கத்துத் தோட்டம் எதுவும் சேர்க்காது. அவர் இந்தியாவுக்கே போய்விடுவது என்று முடிவு செய்தார். பயணக் காரியங்கள் முடியும்வரை கண்டியில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த மைத்துனர் வீட்டில் இருப்பது, பிறகு தலைமன்னாருக்குக் கோச்சி, அங்கிருந்து கப்பல்.

ஹட்டன் ஸ்டேஷனுக்கு நானும் போனேன். சன்னாசி கக்கத்தில் ஒரு கோழியை இடுக்கிக்கொண்டு நின்றான். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. சோப்புப் பெட்டி வாங்கிய வாய், அன்றைக்குக் கோழி முட்டையிடுமா என்றுதான் கேட்டது.

"டேய், ஃபைனல் கண்டியிலதானே?" என்றான்.

"ஆமா."

"அப்ப வந்துருங்க. நான் கிரவுண்டுக்கு வந்துர்றேன். கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துக்குவோம்."

"ஃபைனலுக்குப் போகணும்னா நுவரெலியாக்காரனுங்கள ஜெயிக்கணும். நீ இல்லாம எப்படிடா ஜெயிக்கிறது?"

"அது ஒம் பாடு" என்றான். கோழி கத்தியது. கோச்சி நகர்ந்துவிட்டது. அப்போது எனக்கு அழுகை வந்தது என்று சொல்ல வெட்கமில்லை. ஸ்டேஷனில் எல்லோருக்கும் கண் கலங்கித்தான் இருக்கும், எஞ்சின் புகைக்கு.

இப்போது நிலைமை உங்களுக்கு விளங்கியிருக்கும். நுவரெலியாவிலிருந்து வருகிற அணியை ஹட்டனில் வைத்து ஜெயித்தால் பள்ளிக்கூடம் பஸ் பிடித்து எங்களைக் கண்டிக்கு அனுப்பும். ஜெயித்தால் சன்னாசியைப் பார்க்கலாம். தோற்றால் பார்க்க முடியாது. தனியாகக் கண்டிக்குப் போக என்னிடம் டிக்கெட்டுக்கு வழியில்லை, அப்பாவும் விடமாட்டார். மற்ற நால்வருக்கும் அது ஒரு ஆட்டம். எனக்கு அது கண்டிக்கு ஒரே வழி.

எங்கள் அம்பலவாணர் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கணக்கு வாத்தியார். கூடைப்பந்தையும் கணக்காகத்தான் பார்ப்பார். எங்களை வரிசையில் நிறுத்திக் கேட்டார்.

"தூரத்திலை நிண்டு எறியிறதுக்கு ஆக்கள் இருக்கினம். கிட்ட நிண்டு போடுறதுக்கு ஆர் இருக்கிறியள்?"

யாரும் இல்லை. எங்கள் அணியில் எல்லோருக்கும் கூடைக்குக் கிட்டப் போவது என்றால் பயம். அங்கே முழங்கை படும், பல் போகும். சன்னாசி இருந்தவரை அந்தப் பக்கத்தை அவன் தலையில் கட்டிவிட்டு நாங்கள் நிம்மதியாக இருந்தோம்.

முதலில் தர்மதாச வந்தான். பேக்கரிக்காரர் மகன், சிங்களப் பையன், எங்களோடு சேர்ந்து நன்றாகவே தமிழ் பேசுவான். தூரத்திலிருந்து எறிவதில் கெட்டிக்காரன். கூடைக்கு அடியில் நிறுத்தினாலும் தூரத்திலிருந்து எறிகிற அதே பலத்தோடு எறிந்தான். பந்து பலகையைத் தாண்டிப் பின்னாலிருந்த லீக்ஸ் பாத்தியில் விழுந்தது. (லீக்ஸ் பாத்திக்காரி பந்தைத் தர மறுத்தபோது போய்க் காலில் விழுந்தது பந்துப் பொறுப்பாளனாகிய நான்.) அடுத்து, வகுப்பிலேயே நெட்டையான ஒருவனைப் பிடித்து வந்தார்கள். பந்து வரும்போதெல்லாம் அவன் கண்ணை மூடி இரண்டு கையையும் தலைக்கு மேல் சேர்த்துக்கொண்டான். பார்ப்பவர்களுக்குச் சாமி ஊர்வலம் வந்த மாதிரி இருந்தது.

"ஐசே, தேவாரத்தையும் பாடி முடியும்" என்றார் மாஸ்டர்.

அப்போதுதான் என் வாய் என்னைக் கேட்காமல் பேசியது. "மாஸ்டர், நான் நிக்கிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அதற்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

"நீர் என்னெண்டு போடுவீர்?"

"சன்னாசி எப்படிப் போடுவான்னு எனக்குத் தெரியும் மாஸ்டர். அந்த ரவுண்டப் பாத்துப் போடுவேன்."

அன்றிலிருந்து எனக்கு வேறு வேலை இல்லை. காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்து ஓரத்தில் நின்ற மரத்தில், அம்மாவின் பழைய கொழுந்துக் கூடை ஒன்றை அடியை வெட்டிக் கட்டினேன். (அது பழைய கூடை என்பது என் கருத்து. அம்மாவின் கருத்து விளக்குமாற்றால் தெரிவிக்கப்பட்டது.) பலகைக்குப் பதில் ஒரு தகரம். தகரத்தில் கரியால் ஒரு வட்டம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இருட்டும்வரை எம்பி எம்பி வட்டத்தில் தட்டினேன். குள்ளனுக்கு ஒரு வசதி உண்டு. நெட்டையன்கள் மேலே பார்த்துக்கொண்டிருக்கும்போது கீழே நுழைந்துவிடலாம். நுழைந்து, எம்பி, தட்டிவிட்டு, அவர்கள் குனிந்து பார்ப்பதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். பத்துக்கு ஆறு உள்ளே விழ ஆரம்பித்தபோது, அந்தப் பக்கத்துக் காம்பராவைப் பார்த்து "டேய், பாத்தியா?" என்று கத்திவிட்டேன். அந்தக் காம்பராவில் புதிதாக வந்திருந்த குடும்பம் கதவைச் சாத்திக்கொண்டது.

ஆட்டத்தன்று காலையில் கிரவுண்டுக்குப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். பலகைகளுக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். பளபளவென்று புதுப் பலகை. முத்திரையும் இல்லை, வட்டமும் இல்லை.

"பலகை குடுத்த தொரையே இன்னைக்குப் பெரிய விருந்தாளியா வர்றார்ல, அழகா இருக்கட்டும்னு அடிச்சோம்" என்றார் பள்ளிக்கூடக் காவல்காரர், கையில் பிரஷ்ஷோடு. அவர் கன்னத்திலும் கொஞ்சம் அடித்திருந்தது.

கூடைக்குப் பின்னால், கோட்டுக்கு அப்பால், தார்ப்பாய் கட்டி நாற்காலிகள் போட்டிருந்தார்கள். துரைக்கு நடுவில் மெத்தை வைத்த நாற்காலி. துரை போகிற இடம் என்பதால் தோட்டத்தில் பாதிப்பேருக்கு லீவு கிடைத்து, லயத்துச் சனமெல்லாம் கிரவுண்டைச் சுற்றி நின்றது. அப்பா தொழிற்சாலை உடுப்பைக் கழற்றிவிட்டுத் தீபாவளிக் கோட்டோடு வந்திருந்தார். வரவேண்டிய துரையை மட்டும் காணவில்லை. மெத்தை நாற்காலியைக் காலியாக வைத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடங்கினார்கள்.

முதல் பாதியில் நான் போட்ட கோல்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, போடவில்லை. எம்பிப் பார்த்தால் எங்கும் வெள்ளை. எங்கே தட்டுவது? பந்து பலகையில் பட்டு யார் யார் தலையிலோ விழுந்தது. நுவரெலியா அணியின் தலைவன் நிஸ்தார், கந்தப்பளையில் கடை வைத்திருந்தவர் மகன், நல்ல உயரம், சிரித்த முகம். நான் கூடைக்கு அடியில் வந்து நின்றால் என் தலைக்கு மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு இளைப்பாறினான்.

"இங்க ஒரு தடியன் இருந்தானே மச்சான், எங்க அவன்?" என்று கேட்டான். போன முறை சன்னாசியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் அவன்.

"கண்டியில இருக்கான். ஒங்கள ஜெயிச்சுட்டு அவனப் பாக்கத்தான் போறோம்" என்றேன். நெஞ்சை நிமிர்த்திச் சொன்னதில் அவன் முழங்கை இன்னும் வசதியாகப் பொருந்தியது.

இடைவேளையில் மாஸ்டர் பெஞ்சில் சன்னாசியின் காலி இடத்தில் போய் உட்கார்ந்தார். எனக்கு அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

இரண்டாம் பாதியில் மழை தூறியது. தரை சேறானது, பந்தும் சேறானது. தர்மதாச தூரத்திலிருந்து எறிந்த பந்து ஒன்று வெள்ளைப் பலகையில் பட்டு, அங்கே மண் நிறத்தில் வட்டமாக ஒரு அடையாளம் விழுந்தது. இடம் கொஞ்சம் தள்ளித்தான். ஆனால் வட்டம்! அதற்கு ஒரு சாண் கீழே தட்டினேன், விழுந்தது. மறுபடி ஓடி வந்து தட்டினேன், விழுந்தது. என்ன நடக்கிறது என்று நுவரெலியாக்காரர்களுக்கு விளங்கவில்லை, எனக்கும் முழுதாக விளங்கவில்லை. தர்மதாச தூரத்திலிருந்தும் நான் அடியிலிருந்தும் போட்டுப் போட்டு, கடைசி நிமிடத்தில் நாங்கள் ஒரே ஒரு புள்ளிதான் பின்னால். சனம் கூச்சல் போட்டது. "மருதை! மருதை!" என்று என் பெயரைச் சொல்லி ஆயிரம் பேர் கத்தினார்கள். (இருநூறு பேர் இருக்கும். என் காதில் ஆயிரமாகத்தான் விழுந்தது.)

தர்மதாச பந்தை எனக்கு எறிந்தான். பிடித்தேன். குனிந்து இருவருக்கு நடுவில் நுழைந்தேன். குறுக்கே பாய்ந்த நிஸ்தார் சேற்றில் வழுக்கி மல்லாந்து விழுந்தான். கூடைக்கு அடியில் நான் தனியாக நிற்கிறேன். பக்கத்தில் ஒரு ஈ காக்காய் இல்லை. மேலே வட்டம் தெரிகிறது. வட்டத்துக்கு அப்பால் எனக்குக் கண்டி தெரிந்தது. பஸ்ஸை விட்டு இறங்குகிறேன், அவன் அந்த லொறி மூச்சோடு ஓடி வருகிறான். ஒரு எம்பு எம்ப வேண்டியதுதான்.

அந்த நேரத்தில்தான் சனத்தின் சத்தம் அப்படியே அடங்கியது. கூடைக்குப் பின்னால், கோட்டை ஒட்டினாற்போல, காக்கிக் களிசான், முழங்கால்வரை மேஸ், பளபளக்கும் சப்பாத்து, கூடவே ஒரு நாய். தாமதமாக வந்த பெரிய துரை தன் நாற்காலிக்குப் போக அந்த வழியாக என்னை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் செய்யவில்லை. என் கால்கள் செய்தன. அவை என்னைக் கேட்கவே இல்லை. இடது பக்கம் இரண்டு எட்டு வைத்து, கோட்டைத் தாண்டி, மழைத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த கானுக்குள் இறங்கி நின்றன. கை, பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டது. முதுகு தானாகக் குனிந்தது. வாய் சொல்லியது:

"சலாங்க தொரை."

துரை நின்று என்னைப் பார்த்தார். தோட்டத்தில் பழகிய தமிழில் கேட்டார்.

"என்னா மேன், நீ இன்னிக்கி வேலைக்கி போகல்லே?"

"இல்லீங்க தொரை. ஆட்டங்க தொரை."

"ஆ, நல்லது, நல்லது" என்றுவிட்டுத் துரை தன் மெத்தை நாற்காலிக்குப் போனார். நாய்க்கு மட்டும் என் கக்கத்திலிருந்த பந்தில் ஆசை இருந்தது. அதையும் அவர் சங்கிலியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். பிறகுதான் ரெஃப்ரிக்கு உயிர் வந்து விசில் ஊதினார். பந்து கோட்டுக்கு வெளியே. நுவரெலியாவுக்கு. அவர்கள் எறிந்து பிடிப்பதற்குள் கடைசி விசிலும் ஊதியாயிற்று.

ஒரு புள்ளியில் தோற்றோம். நான் இன்னும் கானுக்குள்தான் நின்றுகொண்டிருந்தேன்.

மாஸ்டர் வந்து பக்கத்தில் நின்றார். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை.

"ஐசே, கூடைக்குள்ளை போடச் சொன்னால் நீர் கானுக்குள்ளை வந்து நிக்கிறீர்" என்றார், மெதுவாக. அவர் கண் கலங்கியிருந்ததா, மழையா, எனக்குத் தெரியவில்லை.

மானம் அத்தோடு போய் முடிந்திருந்தால் தப்பித்திருப்பேன். அப்பா இருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் தோளில் கையைப் போட்டார். அதற்கு முன் அவர் என் தோளில் கைபோட்டதாக ஞாபகம் இல்லை.

"பாத்தீங்களாய்யா? எம்மவன் இவ்வளவு படிச்சும் மருவாதியை மறக்கல. பந்து கைல இருக்கு, அப்பவும் ஒதுங்குனான் பாத்தீங்களா?" என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னார். லயம் போய்ச் சேரும்வரை எதிரில் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அத்தனை பெருமையாக அவரை நான் பார்த்ததில்லை. பின்னாலேயே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தேன். நான் பேசிய பேச்சும் வாங்கிய சோப்புப் பெட்டியும் மனதில் வந்து வந்து போயின. யார் சன்னாசியைத் தோட்டத்தை விட்டுத் துரத்தினாரோ, அவருக்கே ஒதுங்கி, சன்னாசியைப் பார்க்கும் வழியை நானே அடைத்துக்கொண்டேன்.

அம்மா முழுக் கதையையும் அடுப்படியில் உட்கார்ந்து கேட்டார். கேட்டுவிட்டு விறகை உள்ளே தள்ளினார்.

"ஏன்டா, பந்தப் போட்டுட்டு ஒதுங்கியிருக்கலாமில்ல?"

அதுதான். அந்த ஒரு வாக்கியம் அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சொத்து. அம்மா என் மனைவிக்குக் கொடுத்தார், மனைவி பிள்ளைகளுக்குக் கொடுத்தார். யாராவது கடைசி நேரத்தில் பஸ்ஸை விட்டுவிட்டு வந்தால், கியூவில் முன்னால் நின்றும் சாமான் வாங்காமல் வந்தால், பாதிப் பேச்சில் நாக்கைக் கடித்துக்கொண்டால், "போட்டுட்டு ஒதுங்கியிருக்கலாமில்ல?" என்று ஒரு குரல் வரும். என் கல்யாணத்தில் தாலியைக் கையில் வாங்கியதும் பின்னாலிருந்து தர்மதாச, "மச்சான், போட்டுட்டு ஒதுங்கு" என்றான். ஐயருக்கு மட்டும் விளங்கவில்லை, மற்றவர்கள் சிரித்து முடிக்கும்வரை கெட்டிமேளம் காத்திருந்தது.

ஃபைனல் நடந்த சனிக்கிழமை நான் ஹட்டன் ஸ்டேஷனுக்குப் போனேன். எதற்கு என்று தெரியாது. கண்டிப் பக்கம் போகிற கோச்சி வந்தது, சனம் ஏறியது, போய்விட்டது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கடைசிப் பெட்டி மறையும்வரை பார்த்துவிட்டு வந்தேன். அடுத்த வாரமே அவர்கள் கப்பல் ஏறிவிட்டதாகத் தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள். இந்தியாவில் எந்த ஊர், எந்தப் பக்கம் என்று சரியாகச் சொல்ல யாருமில்லை. ஒருவர் திருச்சிப் பக்கம் என்றார், ஒருவர் நீலகிரி என்றார்.

பல மாதம் கழித்துக் கந்தப்பளைக்குப் போயிருந்தபோது ஒரு கடைக்குள்ளிருந்து "சலாங்க தொரை!" என்று யாரோ கூப்பிட்டார்கள். நிஸ்தார். அவன் வாப்பாவின் கடை. என்னைப் பிடித்து உட்காரவைத்துத் தேத்தண்ணி வரவழைத்தான். அப்போதுதான் சொன்னான்.

"ஒங்க தடியன் கண்டிக்கு வந்தான் மச்சான். எங்க பஸ்ஸத் தூரத்துல கண்டதும் ஓடி வந்தான், அவன் ஓடி நான் கண்டதே இல்ல. எறங்குனது நாங்கன்னு தெரிஞ்சதும் அப்படியே நின்னுட்டான். நான்தான் நடந்ததச் சொன்னேன்."

தேத்தண்ணியைக் கீழே வைத்தேன். "கோவிச்சுக்கிட்டானா?"

"கோவமா? வயித்தப் புடிச்சுக்கிட்டுத் தரையில ஒக்காந்து சிரிச்சான். திருப்பித் திருப்பிச் சொல்லச் சொன்னான். எங்க பெஞ்சுல எடம் இருக்கு, வந்து ஒக்காருன்னேன். 'அது எங்க ஹட்டன் பெஞ்சு இல்ல'ன்னு சொல்லிட்டு ரோட்டோரமாப் போய் நின்னுக்கிட்டான். ஆட்டம் முடியிற வரைக்கும் அங்கதான் நின்னான். அவங்கதான் தோத்துட்டாங்களே, யாருக்கு நிக்கிறன்னு கேட்டேன். தோத்தாலும் மருதை வருவான், அடுத்த பஸ்ஸுல வருவான்னு சொன்னான்."

அந்தத் தேத்தண்ணியை எப்படிக் குடித்து முடித்தேன் என்று தெரியாது. நிஸ்தார் நல்லவன், கடையில் சாமான் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இப்போது மகள் கண்டியில் இருக்கிறாள். மாதம் ஒருமுறை பஸ்ஸில் போகிறேன். ஃபைனல் நடந்த அந்தக் கிரவுண்டு வரும்போது சீட்டிலிருந்து எழுந்து, பக்கத்து ஆளைத் தாண்டி, ஜன்னலோரமாகக் குனிந்து பார்ப்பேன். கூட வந்தால் மகள் சும்மா இருக்கமாட்டாள். "யாருக்குப்பா ஒதுங்குறீங்க? தொரை வர்றாரா?" என்று கேட்டுச் சிரிப்பாள். அவள் சிரித்தால் எனக்கும் சிரிப்பு வந்துவிடும். சிரித்துக்கொண்டே, ரோட்டோரத்தில் நல்ல உயரமாக யாராவது நிற்கிறார்களா என்று பஸ் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன்.